கசிவு நிறுத்தப்பட்டது

வேலையில் இருந்த காலத்தில் குளக்கட்டுகளைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு சம்பளம் இல்லாமல் பார்க்கிறேன். முன்பு நான் சொன்னதை யாராவது எழுதிக்கொள்வார்கள். இப்போது தேநீர் தருகிறார்கள். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. எழுதிக்கொண்டவர்களும் அதைத் திரும்ப வாசித்ததாகத் தெரியவில்லை.

வாவிக்கு அப்பால், படுவான்கரையில், என் மச்சாளுக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, ஒரு துண்டு வயல் இருக்கிறது. புருஷன் இல்லை, பிள்ளைகள் கட்டாரில். ஒவ்வொரு மாரிக்கும் அவளே நின்று விதைப்பாள், அவளே நின்று வெட்டுவிப்பாள். வட்டை என்று சொல்லும் அந்த வெளி முழுவதும் நெல்வயல்தான். அதற்கு மேற்கே மேட்டு நிலத்தில் சில வருடங்களுக்கு முன் மணல் கழுவும் யாட் ஒன்று வந்தது. அள்ளி வரும் மணலில் களி கலந்திருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவினால் மணல் டிப்பரில் ஏறி வீடு கட்டுகிறவர்களிடம் போய்விடும். கழுவிய சேறு எங்கேயும் போகாது. அதைத் தேக்கி வைக்க முதலாளி பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து பள்ளம் தோண்டினார். தோண்டிய மண்ணையே சுற்றிவர அணைத்து, அதற்குக் கட்டு என்று பெயர் வைத்தார். சேறு நிரம்ப நிரம்பக் கட்டையும் உயர்த்தினார். கட்டுக்குக் கீழே மச்சாளின் வயல், வயலுக்குக் கீழே வாவி.

இப்படிப்பட்ட கட்டை நான் முதலில் பார்த்தது இந்தியாவில். பயிற்சி என்று சொல்லி எங்களை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். நிலக்கரி கழுவிய கறுத்த சேற்றை மண்கட்டுக்குப் பின்னால் மலைபோல் தேக்கி வைத்திருந்தார்கள். கட்டின் அடியில் சரளையும் மணலும் பரப்பி, அதன் வழியே தண்ணீரைத் தெளிவாக ஊறி ஓட விட்டிருந்தார்கள். அதை அளப்பதற்கென்றே ஒருவர் நாள் முழுவதும் குந்தியிருந்தார். மண்கட்டு என்றால் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆகவே அந்தப் பயிற்சியால் எனக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் வயிற்றுப்போக்கும் மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

யாட் முதலாளியிடம் அந்தக் கதையை எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை. கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் கட்டின் அடியில் சரளை போட்டு ஒரு குழாயும் வைத்தார். குழாயில் எப்போதும் பெருவிரல் பருமனில் தண்ணீர் ஓடும். கண்ணாடி மாதிரித் தண்ணீர். மச்சாள் அதில் கால் கழுவுவாள்.

அப்போதுதான் யாட்டைச் சோதிக்க அரசாங்க மேற்பார்வைக் குழு வந்தது.

குழு வருவதற்கு ஒரு முறை உண்டு. மழை நாளில் வரமாட்டார்கள், ரோட்டு மோசம். ரோட்டு காய்ந்திருக்கும் நாளில் வருவார்கள், அன்றைக்குக் கட்டில் பார்க்க எதுவும் இராது. அன்றும் நல்ல வெயில். பல இலாகாக்களில் இருந்து ஆளுக்கு ஒருவர் என்று ஜீப்பில் வந்திறங்கினார்கள். யாட் மனேஜர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் மச்சாளுடன் வரம்பில் நின்றேன்.

நீர்ப்பாசனத்துக்காக வந்தவர் என்னிடம் தொழில் பழகிய பொடியன். இப்போது தலை நரைத்துவிட்டது. "சேர், இது குளமா?" என்று என்னிடமே கேட்டார்.

"தண்ணி நிக்குது, கட்டு இருக்குது. வேற என்ன வேணும்?"

"குளம் எண்டா எங்கட பட்டியல்ல இருக்கோணும் சேர். இது இல்ல. அப்ப இது குளம் இல்ல."

கனிமங்களுக்கு வந்தவர் இளநீரை வைத்துவிட்டு, "நாங்க குடுக்கிறது கிண்டுறதுக்கு அனுமதி. கழுவுறதுக்கு இல்ல" என்றார்.

"கழுவின சேறு ஆருக்கு?"

"அது கிண்டின பிறகு வாற விசயம் தானே, ஐயா."

சுற்றாடலுக்கு வந்தவர் பெண் உத்தியோகத்தர், குடையுடன் நின்றார். "கட்டு எங்கட விசயம் இல்ல. தண்ணி வெளிய வந்தா மட்டும்தான் நாங்க பாப்பம்" என்றார்.

மச்சாள் என் காதுக்குள், "என்னகா அத்தான், இந்தக் கட்டுக்கு அப்பன் ஆத்தா ஒருத்தரும் இல்லையா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் குடைக்காரியின் கண்ணில் குழாய் பட்டது. தண்ணீர் வெளியே வருகிறது! எல்லோருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம். கடைசியில் ஒருவருக்காவது ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. கட்டு கசிகிறது, கசிவு கூடாது, நிறுத்த வேண்டும் என்று அங்கேயே முடிவாகியது. நான் குறுக்கே போய், இந்தத் தண்ணீர் வெளியே வராவிட்டால் கட்டுக்குள்தான் நிற்கும், நின்றால் கட்டு ஊறிச் சரியும், இதை மூடுவது வாந்தி எடுக்கிறவனின் வாயைப் பொத்துவது மாதிரி என்று விளக்கினேன். எல்லோரும் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள். பிறகு மனேஜர், நண்டுக் கறி ஆறுகிறது என்றார். வாவி நண்டு. அதற்குப் பிறகு நான் பேசியதை நண்டும் கேட்கவில்லை.

மறுநாளே மனேஜர் சீமெந்து குழைத்துக் குழாயை அடைத்தார். யாட்டின் சரித்திரத்தில் ஒரு சிபாரிசு இவ்வளவு வேகமாக நிறைவேறியது அதுதான் முதல் தரம். கசிவு நிறுத்தப்பட்டது என்று குழுவுக்குப் படமும் அனுப்பினாராம்.

பிறகு மாரி பிடித்தது. வானம் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலை மச்சாளின் அழைப்பு வந்தது.

"அத்தான், கட்டு வேர்க்குது."

"எங்க? அடியிலயா?"

"இல்லகா. நடு முதுகில."

நான் சேர்ட்டைக் கொழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஊர் சொல்வது ஒன்று, கட்டு சொல்வது வேறொன்றாக இருக்கும் என்று போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஊர் சொன்னதுதான் சரி. கட்டின் வெளிப்பக்கம், பாதி உயரத்தில், பாய் விரித்த மாதிரி ஈரம். காலை வைத்தால் குதிக்கால் புதைந்தது. அடியில் வெளியேற வேண்டிய தண்ணீர் வழி இல்லாமல் மேலே ஏறி நின்றது. வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம். வெட்டி எடுக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்தச் சேறு ஒரு தரம் வயலில் இறங்கிக் காய்ந்தால், பிறகு கலப்பை அல்ல, சம்மட்டிதான் வேண்டும்.

மனேஜரிடம், கழுவுகிற வேலையை நிறுத்து, அடைப்பை உடை என்றேன்.

"ஐயா, அடைக்கச் சொன்னது குழு. உடைச்சா குழு கேக்கும்."

"கட்டு உடைஞ்சா?"

"அதுக்கு என்னைக் கேக்க மாட்டாங்க தானே" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம்.

மச்சாள் வரம்பில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மறுகா என்ன செய்யிற அத்தான்? நான் மண்சாக்கைப் போட்டு அணைக்கிறதா?" என்றாள்.

நான் மரத்தடியில் ஒதுங்கி, குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். கட்டு சரியப்போகிறது என்று முதலாமவரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். இத்தனை வருட உத்தியோகம் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருந்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். ஆபத்து என்றால் இவர்கள் அசையமாட்டார்கள். ஆகவே மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினேன். இந்தத் தரம் கட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, இப்படிக் கேட்டேன்: குழாயை அடைத்தது கட்டின் அமைப்பில் செய்த மாற்றம். நடைமுறைப்படி அந்த மாற்றத்துக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுக்க வேண்டும். உங்கள் பெயரைப் போடலாம் என்று நினைக்கிறேன், ஆட்சேபம் உண்டா?

"எண்ட பெயரா? சேர், நான் அண்டைக்குச் சும்மா கூட வந்தது" என்றார் என் பழைய பொடியன்.

"ஐயா, நான் குழாயைப் பாக்கவே இல்ல, இளநீர் குடிச்சிட்டு நிண்ட" என்றார் கனிமக்காரர்.

குடைக்காரி கொஞ்சம் மூச்சை அடக்கி, "நாங்க நிப்பாட்டச் சொன்னது கசிவை. அடைக்கச் சொல்லல்ல" என்றார். இந்த நாட்டில் இதைவிட அழகான வசனத்தை ஒரு உத்தியோகத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

மதியத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. கொட்டும் மழையில், அதே மோசமான ரோட்டால். அடைப்பை யாரும் சிபாரிசு செய்யவில்லை என்பதில் எல்லோரும் ஒரே மனம். உடனே எடுக்க வேண்டும் என்பதிலும் ஒரே மனம். மனேஜர் அலவாங்கைக் கொண்டுவந்து சீமெந்தைக் குத்தினார். அது உடைந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, தேநீர் நிறத்தில். நிறம் தெளிய வேண்டும், தெளியாவிட்டால் கட்டுக்குள் மண் கரைகிறது என்று பொருள், எல்லோரும் ஓட வேண்டியதுதான் என்றேன். ஜீப் சாரதி வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தார். அவர் ஒருவர்தான் அன்று என் பேச்சை முழுமையாக நம்பியவர்.

"மச்சாள், மேட்டுக்கு ஏறு" என்றேன்.

"ஏறி? அங்க நிண்டு இதப் பாக்கவா?" என்றாள். நெற்கதிர்களுக்கு நடுவில் இருந்து அசையவில்லை. எனக்கும் ஏற மனம் வரவில்லை. ஆனால் கால்கள் ஏறத் தயாராக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

வெகுநேரம் கலங்கலாகவே வந்தது. பிறகு மெல்ல வெளிறியது. பிறகு உள்ளே கிடந்த சரளை தெரிந்தது. என் பொடியன் குனிந்து கையில் ஏந்திப் பார்த்து, "தெளிஞ்சிட்டு சேர்" என்றார். கட்டின் முதுகில் இருந்த ஈரம் அன்றைக்கே போகாது, கழுவுகிற வேலை நிற்க வேண்டும், குழாயின் பக்கத்தில் தினமும் ஒரு ஆள் குந்தியிருக்க வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குப் பெயர் போடத் தேவையில்லை.

பிறகு குழு முழுவதும் குழாயைச் சுற்றி நின்று படம் எடுத்தது. எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை. பின்னால் போங்க, இன்னும் பின்னால் என்று மனேஜர் கையைக் காட்டக் காட்ட, அவர்கள் சிரித்துக்கொண்டே பின்னுக்குப் போய், வரம்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கினார்கள்.

"படம் எடுத்தது போதும், வெளிய வாங்க!" மச்சாள் கத்தினாள். "சேறு செய்யாததை உங்கட சப்பாத்து செய்யுது!"

அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவள் குனிந்து, சாய்ந்து கிடந்த கதிர்களைத் தூக்கி, அருகில் நின்ற கதிர்களோடு சாய்த்து வைக்கத் தொடங்கினாள்.