தாயில்பட்டிக்குக் கொண்டுபோன கொசுவலை

இந்தப் பதிவில்:
1. தாயில்பட்டிக்கு வழி.
2. மலேரியா தடுப்பூசி சிறு குழந்தைகளை எவ்வளவு காலம் காக்கும்?
3. குழந்தைக்குக் குடைவலை போதும், பெரியவர்களுக்கு வேண்டாம்.

2006 மே மாதம் தம்பி மகள் செல்வியைப் பார்க்கப் போனேன். அவள் கணவர் முருகேசன் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். தான்சானியாவில் வேலை கிடைத்து, இரண்டு வயது மகளையும் அழைத்துப் போகிறார்கள். "அங்கன மலேரியாவுக்கு ஊசி வந்திருச்சாம், பயமில்ல" என்று அவர் போனில் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விலங்கியல் கற்பித்தவன்தான்; ஆனாலும் அந்த ஊசியைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியை மூன்று முறை படித்துவிட்டு, குழந்தைக்குக் குடைபோல் விரியும் சின்னக் கொசுவலை ஒன்றும் வாங்கிக்கொண்டே கிளம்பினேன்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் சுமார் 27 கி.மீ., பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து தாயில்பட்டிக்கு வேறு பஸ். "அண்ணாச்சி, அந்தக் குடைய மடியில வைங்க. எவன் கண்ணையாவது குத்திறப்போகுது" என்றார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் காயும் பட்டாசுகளால் களங்கள் சிவந்து கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்ததில் நிறுத்தத்தைத் தவறவிடப் பார்த்தேன்.

"ஒரு ஊசி போட்டா ஆயுசுக்கும் போதும்ல மாமா?" என்றார் முருகேசன்.

அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, கடைக்கு வரவில்லை என்றேன். ஒன்றரை ஆண்டு வரை கவனித்த குழந்தைகளிடம் ஓரளவு பாதுகாப்பு நீடித்தது, அதுவும் எல்லாருக்கும் அல்ல. அதற்குப் பிறகு எப்படியோ, யாருக்கும் தெரியாது.

"போன தீவாளிச் சரம் மாதிரியா பெரியப்பா?" என்றாள் செல்வி. "சிலது வெடிக்கும், சிலது நமுத்துக் கெடக்கும்."

ஏறக்குறைய அப்படித்தான். எனக்கோ வியப்பு அடங்கவில்லை. பேச்சே திருந்தாத குழந்தையின் ரத்தத்துக்கு ஒரு துளி மருந்து பகைவனை அடையாளம் காட்டுகிறது. மாதங்கள் போனால் ரத்தம் அதை மறக்கவும் கூடும்!

முருகேசன் முகம் வாடிவிட்டது. குடைவலையை விரித்துக் காட்டினேன். குழந்தை உள்ளே போய், உடனே வலைக்கு அடியில் தவழ்ந்து அம்மாவிடம் வந்துவிட்டாள்.

"எனக்கு வலை?" என்றாள் செல்வி.

"உனக்குச் சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் மலேரியா வந்ததே. உடம்பு ஞாபகம் வைத்திருக்கும்" என்றேன்.

செல்வி சிரித்துவிட்டாள். "ஊசி போட்டதே மறந்துரும்னீக. இருவது வருசத்துக்கு முந்தின காச்சல் மட்டும் மறக்காதாக்கும்?"

அவள் கேட்டது சரிதான். முருகேசன் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த இரண்டு போர்வைகளை வெளியே எடுத்து வைத்தார். "பெரிய வலைக்கு இடம் வேணும்ல."

இதுபோல் போகிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். குடும்பமே படுக்கும் அளவுக்குப் பெரிய வலையாக வாங்குங்கள். மேலே எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு; பெரியவர்களுக்கும் வலை வேண்டும்.