பாதி முகத்துக்குப் பொட்டு

மாமா ராணுவத்தில் கேப்டன். எங்கோ எல்லைப் பக்கம் இருந்தார். அத்தை சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருந்தாள். ஒருமுறை லீவில் வந்தபோது மாமா ஒரு குட்டிப் பித்தளைத் தகடு கொண்டுவந்தார். கட்டைவிரல் நீளம்தான். தோளில் நட்சத்திரத்தோடு மாமாவின் முகத்தை அதில் பக்கவாட்டில் செதுக்கியிருந்தார்கள். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. மீதி மாமா எங்கே என்று தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மொட்டை. அத்தை அதைத் தன் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது. சந்தனத்தையும் குங்குமத்தையும் கையில் கொடுத்து, "எல்லா சாமானுக்கும் பொட்டு வெச்சுட்டு வா, ஒண்ணு விடக்கூடாது" என்றாள் அம்மா. விடுவேனா? ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் முடித்து மாடிக்குப் போனேன். தையல் மிஷினுக்கு வைத்தேன். கத்திரிக்கோலுக்கு வைத்தேன். பக்கத்திலேயே தகடு. ஆனால் பாதி முகத்தில் நெற்றிக்கு நடு எது? யோசித்து யோசித்துக் காதோரமாக வைத்தேன்.

பார்த்ததும் அத்தை கையிலிருந்த பொரித் தட்டைப் போட்டுவிட்டாள். "ஐயோ, யாருடி இத வெச்சது?" முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்தாள். கீறலுக்குள் போன குங்குமம் வரவே இல்லை. அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். "அறிவிருக்காடி உனக்கு?"

ஒண்ணு விடக்கூடாது என்றவளும் இவள்தான். என்ன அநியாயம்!

மாமாவிடமிருந்து போன் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் பொட்டு வைத்த படமெல்லாம் செத்துப்போனவர்களுடையது. அதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. இடம் தப்பாகிவிட்டது, அதற்குத்தான் இத்தனை கோபம் என்று நானே முடிவுகட்டினேன்.

மறுநாள் காலை, அத்தை குளிக்கப் போன நேரத்தில், தப்பைத் திருத்தினேன். மூக்குக்கு நேர் மேலே, நெற்றி விளிம்பில், அழகாக ஒரு பொட்டு.

இந்தத் தடவை அத்தை கத்தவில்லை. தகட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அம்மாவிடம் செம அடி.

மூன்றாம் நாள் போன் வந்தது. அத்தை பேசி, அழுது, சிரித்து, கடைசியில் ரிசீவரை என் காதில் வைத்தாள்.

"என்னடி, எனக்குப் பொட்டு வெச்சுட்டியாமே?"

"எங்க வெக்கணும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க மாமா."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எதுக்கு அவசரம்? மெதுவா வெச்சுக்கலாம்."

சரி, அடுத்த ஆயுத பூஜைக்குச் சொல்வார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மாமா போய்விட்டார். ரிட்டயராகி, சுகர் வந்து, எழுபத்தாறு வயதில். பதின்மூன்றாம் நாள் அத்தை அந்தத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "நீயே வெச்சுடு" என்றாள். அழுகையில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. காதோரக் கீறலில் மட்டும் அன்றைய குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே வைத்தேன்.