துவக்கெண்ணெய் மணம்

வாத்து வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது. நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய ஹில்ஸ்பரோவில் பக்கத்து வீட்டு பீட்டர் கராஜைத் திறந்துவைத்துத் தன் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளோடு அவ்வழியே நடந்தபோது அந்த எண்ணெய் மணம் என்னை நிறுத்திவிட்டது.

வன்னியில் அப்போது எனக்கு எட்டு வயது. பன்றி வேட்டைக்குப் போவதற்காக அப்பா தன் துவக்கைப் பிரித்து, பாயில் பரப்பி, எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ஆமி வந்திட்டுது!" அம்மா உள்ளே ஓடிவந்தாள்.

அப்பா துண்டுகளை அள்ளி நெல்லுச் சாக்குக்குள் புதைத்தார். மணம் மட்டும் போகவில்லை. அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தாள். வாசலில் சிப்பாய் வந்து நின்றதும் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"பாத்து எடுக்கத் தெரியாதே உனக்கு?"

அம்மா என்னை அடித்ததே இல்லை. நான் வீரிட்டு அழுதேன். சிப்பாய் சிரித்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "நீ அழாட்டில் அப்பா இல்லையடி."

"ஹலோ!" பீட்டர் கையசைத்தார்.

"அம்மா, யூ ஆர் ஹர்ட்டிங் மீ" என்றாள் மகள். அவள் விரல்கள் என் பிடிக்குள் வெளுத்துப்போயிருந்தன.