பொன்னியின் ஆங்கிலத் தேர்வு

கொல்லிமலையில் எங்கள் மிளகு கொள்முதல் அலுவலகத்தில் வெளியூர் வியாபாரிகளுடன் போனில் பேசுபவள் பொன்னி. ஆங்கிலத் தேர்வில் தேறாவிட்டால் அவளை மூட்டை தைக்க அனுப்பிவிடுவார்களாம். தேர்வாளர் நான்.

மேலிடம் அனுப்பிய தாளில் இருந்தபடி, "உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்" என்றேன். வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்போ.

"ஒண்ணுமே வரலீங்க அக்கா."

பூஜ்யம் போடப் பேனாவை எடுத்தபோது போன் அடித்தது. கொச்சி வியாபாரி, சரக்கு எங்கே என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

பொன்னி நிதானமாகச் சொன்னாள்: "சார், ரெயின். பெப்பர் நோ டிரை. நவ் சென்ட், ஃபங்கஸ் கம். தர்ஸ்டே சென்ட், குட் பெப்பர்."

"ஓகே, தர்ஸ்டே" என்று அவர் அடங்கிப்போனார்.

"டெஸ்ட்டை நாளைக்கு வெச்சுக்கலாங்களா அக்கா?"

"முடிஞ்சிருச்சு கண்ணு. பாஸ்."

நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். என் ஆங்கிலத்தை யார் சோதித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.