வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

அப்போது என் கையில் இரண்டு வேலைகள் இருந்தன. பெங்களூர்க் கம்பெனி நான் கேட்ட சம்பளத்தைக் கொடுத்தது. ஆனால் அங்கேயே போய் இருக்க வேண்டும். சென்னைக் கம்பெனி எங்கள் ஊரான கம்பத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தது. சம்பளத்தில்தான் கால்வாசியைக் குறைத்தது. ஏழு வருஷம் ஹாஸ்டல் சாம்பாரில் காலம் தள்ளியவள் நான். எனக்கு வீடும் வேண்டும், முழுச் சம்பளமும் வேண்டும்.

"சின்ன ஊர்ல செலவு கம்மிதானே மேடம்?" என்றார் சென்னை ஹெச்.ஆர். ஃபோனில்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுகிற வேலை என்னுடையது. கம்பத்திலிருந்து எழுப்பினால் அது முக்கால்வாசிதான் எழுந்திருக்குமா? இதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்."

அது அம்மாவின் பேச்சு. எங்கள் தோட்டத்துத் திராட்சைக்கு விலை பேச வியாபாரி வரும்போதெல்லாம் அம்மா இதைத்தான் சொல்வாள். உண்மையில் கேட்பதற்கு வீட்டில் ஆளே கிடையாது. அப்பா பக்கத்திலேயே கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா வைத்ததுதான் விலை. வியாபாரிக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே போய், மறுநாள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஹெச்.ஆருக்கு அது தெரியாதே. "கண்டிப்பா மேடம். உங்க ஹஸ்பெண்ட்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்று மரியாதையாக ஃபோனை வைத்துவிட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மானம் போயிற்று. தன் சம்பளத்தைத் தானே பேசத் தெரியாதவள் என்றுதானே நினைத்திருப்பார்.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னத்தா, ஒன் சம்பளத்துக்கும் யாவாரி வந்துட்டாகளா? ஊரைச் சொல்லி வெலையக் கொறைக்கிறாகளாக்கும். நம்ம பழம் மெட்ராஸ் கடையில என்ன வெலைக்குப் போகுதுன்னு அவுககிட்ட கேளு."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "வீட்ல என்ன சொன்னாங்க மேடம்?"

"முடிவெடுக்கிறது நான்தான் சார். யோசிச்சுப் பார்த்தேன், ஒத்துக்க முடியலை. எங்கன இருந்து பார்த்தாலும் அதே வேலைதான், அதே சம்பளம் வேணும். இல்லேன்னா பெங்களூருக்கு இன்னிக்கே சரின்னு சொல்லிருவேன்."

அவர் ஏதோ டைப் செய்கிற சத்தம் கேட்டது.

"மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார்.

சாயங்காலம் முழுச் சம்பளத்தோடு மெயில் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவுக்கு அதை மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.

அடுத்த அறுப்புக்கு வியாபாரி வீட்டுக்கே வந்தார். நான் உள்ளே லேப்டாப்பில் வேலையாக இருந்தேன். வாசலில் அவர் விலை சொன்னதும் அம்மாவின் குரல் கேட்டது.

"எம் மககிட்ட கேட்டுச் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அம்மா நிஜமாகவே உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன வெலை சொல்லலாம்த்தா?" என்று கேட்டாள்.