மம்சாபுரம் ஹாலுக்குப் போட்ட பச்சைச் சட்டை

நான் கொத்தனார். ஊர் சேத்தூர். புதுசா வேலைக்கு வர்றவங்க கேக்குறதால இதைச் சொல்றேன்.

1. டீ

முதல் நாள் சைட்டுல சிமெண்ட் மூட்டை எங்கேன்னு கேட்டேன். இல்லைன்னாங்க. செங்கல்? அதுவும் இல்லை. கிளம்பலாம்னு கொத்துக் கரண்டியைப் பைக்குள்ள போட்டேன். சைட்டைப் பார்த்துக்கிட்டிருந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்து உக்கார வச்சாங்க. பொறவு அவங்ககூடவே வேலை பார்த்துத் தலை நரைச்சுப்போச்சு.

அவங்க ஆர்க்கிடெக்ட். எங்களுக்கு எஞ்சினியரம்மா. ராஜபாளையத்துல மண்கல் வீடு. ஏசி கிடையாது. சைட்டுக்கு பஸ்ஸுலதான் வருவாங்க. தோண்டுன மண்ணுல கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மெஷின்ல அமுக்கிக் கல்லு எடுப்போம். சுடுறது இல்லை. கட்டின சுவர்ல பூசுறதும் இல்லை.

2. ஹால்

மம்சாபுரத்துல ஒரு தெருவுக்குப் பொது ஹால் கட்டினோம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கை கொடுக்கணும்ங்கிறது அந்தம்மா சட்டம். தெருக்காரங்க "நாளைக்கு வாரோம்மா"ன்னாங்க. கடைசிவரைக்கும் ஒருத்தரும் வரலை.

அந்தம்மாவுக்கு அதுதான் கவலை. முன்னால வேற ஊர்ல கட்டின ஹால் பூட்டியே கிடக்கு. வாசல்ல ஆடு படுத்திருக்கு. "இதுவும் அப்படி ஆச்சுன்னா இனிமே பொதுக் கட்டடம் எடுக்க மாட்டேன்"ன்னாங்க. தெருவுல முத்துலட்சுமி அக்காகிட்ட சாவியைக் கொடுத்துட்டு வந்தோம்.

கொஞ்ச நாள் கழிச்சுப் போனோம். ஹாலைக் காணோம். அந்த இடத்துல பச்சைக் கலர்ல ஒண்ணு நின்னுச்சு. முன்சுவர் முழுக்க சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சிருந்தாங்க.

பூச்சைக் கொத்தி எடுக்க நான் உளியை வெளியே எடுத்தேன். மண்சுவர்ல சிமெண்ட் பூச்சு நிக்காது.

முத்துலட்சுமி அக்கா ஓடி வந்தாங்க.

"எப்படிம்மா இருக்கு?"

"யாருக்கா பூசச் சொன்னது?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"யாரு சொல்லணும்? பாவம், உங்களுக்குக் காசு தீந்துபோச்சுபோல, பாதியில விட்டுட்டுப் போயிட்டீகன்னு நாங்களே செஞ்சோம். எம்மகளுக்கு வளைகாப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து சம்பந்தக்காரவுக வாராக. பக்கத்துத் தெருக்காரி கேக்கா, 'ஏட்டி, உங்க ஹாலுக்குச் சட்டை கிடையாதா'ன்னு. பொறுக்குமா?"

"மத்த மூணு சுவர்?"

"எங்களுக்கும் காசு தீந்துபோச்சு."

"யாரெல்லாம் வேலை பார்த்தது?"

"தெருவே நின்னுச்சு. எங்க வீட்டுக்காரரே கலவைச் சட்டி தூக்குனாருன்னா பாத்துக்கிடுங்க."

அந்தம்மா சுவரைத் தட்டிப் பார்த்தாங்க. "மழைக்கு உரிஞ்சிரும்க்கா."

"உரிஞ்சா மறுக்கா பூசுவோம். நம்ம ஹால்தானே."

"சாவி எங்கே?"

"எங்கன வச்சேன்னு தெரியலையேம்மா. பூட்டுனாத்தானே தேட. எந்நேரமும் உள்ள ஆளுக இருக்காக."

அந்தம்மா செத்த நேரம் படியில உக்கார்ந்தாங்க. பொறவு என்னைப் பார்த்து, "உளியை உள்ள வைங்க"ன்னாங்க.

3. வளைகாப்பு

ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டோம். நல்ல வெயில். கூட்டம் பூராவும் பூசாத சுவர்ல சாஞ்சு உக்கார்ந்திருந்துச்சு. அங்கதான் குளுமை. நாங்களும் அங்கேயே சாஞ்சு உக்கார்ந்தோம்.

அதுல இருந்து பொதுக் கட்டடம் எதுவானாலும், முன்சுவர்ல உரியாம நிக்கிற சுண்ணாம்புக் கலவையும் நாலு கரண்டியும் தெருக்காரங்களுக்கு வச்சிட்டுத்தான் கிளம்புவோம். புதுசா வர்றவங்க அந்தச் சுவரை நீங்களே பூசிடாதீங்க. அது தெருக்காரங்க வேலை.