பேசாத் தண்ணீர்

புஷ்பவதிக்குப் புகை மணம் ஆகாது. பக்கத்து வீட்டில் யாராவது பாண் ரொட்டியைக் கருக்கினால்கூட எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். திருகோணமலையில் அவளுடைய வீடு எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் எரிந்தது. அன்றிரவு ஐந்து வயது மகள் சுகிர்தாவின் வாயைப் பொத்தியபடி, பின்வளவுச் செடிப் பற்றைக்குள் விடியும்வரை கிடந்தாள். மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடமாகியும் கூட்டமாக யாராவது கத்தினால் அவளுடைய கை தானாக மகளைத் தேடும்.

அந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு கலியோப்பி என்ற கிரேக்கப் பெண்ணுடையது. கிறீட் தீவிலிருந்து வந்தவள். கணவன் இறந்த பிறகு மகள் தெஸ்பினாவுடன் கீழ்த்தளத்தில் இருந்தாள், மேல்தளத்தில் இவர்கள். புஷ்பவதியின் கணவன் விமலநாதன் பின்னேரமானால் நகரத்து உணவகமொன்றுக்குக் கோப்பை கழுவப் போய்விடுவான். அகதி வழக்கு முடியவில்லை. அதனால் தெருவில் பொலிஸ் கார் போனாலும் புஷ்பவதி யன்னலை விட்டு விலகி நிற்பாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், படியில் அவளை மறித்துக் கலியோப்பி ஏதோ சொன்னாள். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான்.

"நாளைக்கு. வீட்டுக்குப் பின்னால. நெருப்பு, பெரிய நெருப்பு. நீ வா, பிள்ளை வா."

சொல்லிவிட்டுக் கைகளை உயர்த்திக் கொழுந்து எழும்புவதுபோலக் காட்டினாள். புஷ்பவதி சிரித்துத் தலையாட்டிவிட்டு மேலே வந்து கதவைப் பூட்டினாள்.

"எரிக்கப் போறாவாம்," என்றாள் கணவனிடம்.

"எதையப்பா?"

"எனக்கென்ன தெரியும்? பின்னுக்காம். பெரிய நெருப்பாம்."

"அவையின்ர தீவில ஏதும் கோயில் வழக்கமா இருக்கும். ஆர் தன்ர சொந்த வீட்டைக் கொளுத்துவினம்? சும்மா பயப்பிடாதையும்."

"எங்கட வீட்டைக் கொளுத்தினவங்களும் தெரிஞ்ச ஆக்கள்தானே."

விமலநாதன் மறுநாளும் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டான்.

அது புனித அருளப்பர் திருநாளுக்கு முந்திய மாலை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தாருக்கும் அதுதான் பெருநாள் என்பது அவளுக்குத் தெரியாது. வெயில் தணியுமுன்பே நீலக்கொடி பிடித்த இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு தெருவால் போனார்கள். ஒருவன் கார்க் கூரையில் ஏறி நின்று கொடியை வீசினான். புஷ்பவதி யன்னல் திரைகளை இழுத்து மூடினாள். சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டுபோய் முன்கதவுக்கு அணையாக வைத்தாள். மூச்சு வாங்கியபடி திரும்பினால் சமையற்குசினியின் பின்கதவு திறந்து கிடந்தது. சுகிர்தாவைக் காணவில்லை.

"சுகி! சுகி!"

பதில் வரவில்லை. புகை வந்தது.

பின்புற இரும்புப் படியில் நின்று கீழே பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் விறகைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். சுற்றிலும் ஆண்களும் பெண்களும் கைதட்டிக் கத்திக்கொண்டு நின்றார்கள். மே மாதம் முழுதும் கலியோப்பியின் வாசலில் தொங்கிய பூவளையம் நெருப்பில் கிடந்து சுருண்டது. ஒரு பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருப்பின் மேலாகப் பாய்ந்தாள். அடுத்துப் பாய நின்றவள் தெஸ்பினா. அவளுடைய கையைப் பிடித்தபடி, நெருப்பை நோக்கி ஓட ஆயத்தமாக நின்றது சுகிர்தா.

புஷ்பவதி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. படியடியில் சிவப்புத் துணியால் மூடிய மண்சாடி ஒன்று இருந்தது. துணியைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளே தண்ணீர். சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அப்படியே நெருப்பில் கவிழ்த்தாள்.

'சொய்' என்று ஆவி கிளம்பியது. தண்ணீரோடு மோதிரங்களும் தோடுகளும் கிலுங்கிக்கொண்டு சாம்பலுக்குள் விழுந்தன. வெறும் சாடியை நழுவவிட்டு மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அவள் நிலத்தில் குந்திவிட்டாள். ஒருத்தி தலையில் கைவைத்து ஏதோ கத்தினாள்.

அடிவாங்கப் போகிறோம் என்று புஷ்பவதி நினைத்தாள். குனிந்து, தன் முதுகுக்குக் கீழே பிள்ளையை மறைத்தாள்.

அடி விழவில்லை. ஒழுங்கை முனையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது. தெருவில் நெருப்பென்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். பொலிஸ்காரர் இருவர் இறங்கி வந்தார்கள். ஒருவர் பிரெஞ்சில் அதட்டிக் கேட்டார். கலியோப்பி புகைந்துகொண்டிருந்த ஈரச் சாம்பலைக் காட்டினாள். பிறகு விரலை நீட்டிப் புஷ்பவதியைக் காட்டினாள்.

முடிந்தது என்று நினைத்தாள் புஷ்பவதி. வழக்கு முடிந்தது. நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பொலிஸ்காரர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய காலின் சப்பாத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

"மெர்சி, மதாம்," என்றார் அவர். மற்றவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, என்னை விடுங்கோ, நோகுது," என்றாள் சுகிர்தா. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பழகியிருந்தாள். "நீங்கள்தான் நெருப்பை நூத்தனீங்கள் எண்டு தெஸ்பினா அவருக்குச் சொன்னவ. அதுக்கு அவர் நன்றி சொல்லிப்போட்டுப் போறார்."

ஒழுங்கையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பல் கிட்டிப்போய் இருந்தது. கலியோப்பி அவளருகில் நிலத்திலேயே உட்கார்ந்து, தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள். தெஸ்பினா சொல்லச் சொல்ல, சுகிர்தா தமிழில் சொன்னாள். அந்தத் தீவில் இந்த மாலையில் நெருப்பைப் பாய்வார்களாம், வருடத்துப் பீடையெல்லாம் எரிந்துபோகும் என்று. ஒருத்தி போய், வழியில் ஒருவரோடும் பேசாமல் தண்ணீர் கொண்டுவர வேண்டுமாம். அதற்குப் பெயரே பேசாத் தண்ணீர். கல்யாணமாகாத பெண்கள் அதில் ஆளுக்கொரு பொருளைப் போட்டு, இரவு முழுக்க நட்சத்திரத்துக்குக் கீழே வைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துக் குறி பார்ப்பார்களாம்.

"அந்தத் தண்ணியைத்தான் நீங்கள் ஊத்தினீங்கள்," என்றாள் சுகிர்தா.

புஷ்பவதி எழுந்து வந்து, மற்றப் பெண்களோடு சேர்ந்து சாம்பலைக் கிளறினாள். தணல் விரலைச் சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் தேடினாள். எல்லாம் கிடைத்தன. சாடியிலும் விளிம்பு மட்டுந்தான் உடைந்திருந்தது. கலியோப்பி அதைத் துடைத்து அவளிடமே நீட்டினாள்.

"நீ," என்றாள். "தண்ணி." பிறகு உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

கன்னிப்பெண்தான் போக வேண்டும் என்று ஒருத்தி முணுமுணுத்தாள்போலும். கலியோப்பி கையை வீசி அவளை அடக்கினாள்.

தண்ணீர்க் குழாய் பூங்காவில் இருந்தது. புஷ்பவதி சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்சம் பின்னால் கலியோப்பி வந்தாள். திரும்பும் வழியில் கொடிக்காரக் கூட்டம் எதிர்ப்பட்டது. ஒருவன் அவளுக்கு முன்னால் வந்து கொடியை ஆட்டி, பெருநாள் வாழ்த்தைக் கத்திச் சொன்னான். பியர் மணம் அடித்தது. அவள் சாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பேசாமல் இருக்க அவள் பாடுபடவே இல்லை. கூப்பிட முயன்றிருந்தால்கூடக் குரல் வந்திராது. கலியோப்பி பின்னாலிருந்து வந்து, வாயைத் திறக்காமலே அவனுடைய நெஞ்சில் கைவைத்து ஓரமாகத் தள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டு விலகினான். சாடியில் பாதித் தண்ணீர் புஷ்பவதியின் சேலையில் ஊற்றுப்பட்டிருந்தது. ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது, மிச்சம் போதும் என்று பொருள்களை அதற்குள் போட்டாள் தெஸ்பினா.

மறுநாள் மத்தியானம் சாடியைத் திறந்தார்கள். ஒவ்வொரு பொருளாக எடுக்க எடுக்க, கலியோப்பி ஆளுக்கு இரண்டு அடி கட்டிப் பாடினாள். கடைசியாகச் சேலை ஊசி ஒன்று வந்தது. சுகிர்தா தாய்க்குத் தெரியாமல் போட்டது. பாட்டைக் கேட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கடல் கடந்து ஒருத்தர் வருவாராம். ஊசிக்காரியின்ர கதவைத் தட்டுவாராம்," என்றாள் சுகிர்தா, தெஸ்பினாவிடம் கேட்டு.

புஷ்பவதி மகளின் கையைப் பிடித்தாள். "எப்பவாம்? ஆராம்? கேள்."

"சும்மா பாட்டு, அம்மா. மாப்பிள்ளை வாற பாட்டு."

"எங்கட வீட்டைக் கொளுத்தின அண்டைக்கும் முதல்ல கதவைத்தான் தட்டினவங்கள் எண்டு சொல்லு."

பிள்ளை தயங்கியது. பிறகு மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னது. தெஸ்பினா தாய்க்குச் சொன்னாள். சிரிப்பு நின்றது. கலியோப்பி ஊசியைத் துடைத்து, புஷ்பவதியின் சேலைத் தலைப்பில் தானே குத்திவிட்டாள். அந்தப் பாட்டை அவள் மறுபடி பாடவில்லை.

அதற்குப் பிறகு புஷ்பவதியின் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வழக்கு வெல்ல மேலும் இரண்டு வருடம் எடுத்தது. அதற்குள் எத்தனையோ இரவுகள் மேசை கதவடிக்குப் போய் வந்தது. ஆனால் அன்றிலிருந்து கலியோப்பி அவளுடைய கதவைத் தட்டியதே கிடையாது. படியடியிலேயே நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "புஸ்பா! நான்! கலியோப்பி!" என்று கத்திவிட்டுத்தான் ஏறுவாள். புஷ்பவதியும் கீழே போவதென்றால், "கலியோப்பி! நான்!" என்று கத்திக்கொண்டே இறங்கப் பழகினாள். இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை கொள்ளும் விமலநாதன்தான், இந்த வீட்டில் ஒருத்தரும் மெல்லக் கதைக்க மாட்டினமோ என்று தலையணையைக் காதில் அமத்திக்கொள்வான்.